கை வீட்டைப் பார்த்து நின்ற சனிக்கிழமை

"காத்தே வர மாட்டேங்குது இங்க. மனுஷன் வேக வேண்டியதுதான்."

தினமும் காலையில் இரும்புப் பட்டறைக்குள் நுழைந்ததும் டவர்காரர் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும். லேத் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்காமலே, "ஃபேனுக்கு அடியில நின்னுக்கிட்டு இந்தப் பேச்சு! கூரையைப் பிரிச்சு விடவா?" என்பார். டவர்காரர் அதோடு வாயை மூடிக்கொள்வார். காற்றில்லை என்று குறைப்பட யாருக்கு வாய் இருந்தாலும் தனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

டவர் கிரேனை விட்டு இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் இறங்கவில்லை. லாரியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் கிரேனில்தான் அவர் தொழிலுக்கு வந்தார். காலையில் ஓரிடத்தில் டிரான்ஸ்பார்மரை இறக்கிவிட்டு, மதியம் வேறெங்கோ பள்ளத்தில் கவிழ்ந்த பஸ்ஸைத் தூக்கும் நாடோடி வண்டி அது. பிறகு சங்கிலிப் பட்டையில் ஊரும் கிரேன். பாலத்துக்கான கான்கிரீட் துண்டைத் தூக்கிக்கொண்டே சேற்றிலும் நகரும்; வேகத்தில் மட்டும் ஆமைக்கு அண்ணன். கடைசியாக டவர் கிரேன். கட்டடம் வளர வளர அதுவும் வளரும். அந்த உச்சிக் கூண்டில் பதினோரு வருஷம் உட்கார்ந்தார்.

வேலை நடந்த இடத்திலிருந்து அவர் வீடு நாலு தெரு தள்ளி. சாயங்காலம் இறங்குவதற்கு முன் கிரேனின் நீளமான கையைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவார். மொட்டை மாடியில் துணி எடுக்கும் மனைவி அதைப் பார்த்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் ஏணி இறங்கி நடந்து வரவும் டீ கொதிக்கவும் சரியாக இருக்கும்.

ஆனால் இறங்கும்போது கையைப் பிடித்திருக்கும் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். டவர் கிரேனுக்கு அதுதான் சட்டம். காற்று தள்ளுகிற பக்கம் கை தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டி வைத்தால் காற்றோடு மல்லுக்கட்டும், மல்லுக்கட்டினால் ஒடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்காரி மாடியில் நின்று கேட்டாள்: "ஏங்க்கா, உங்க வீட்டுக்காரர் கை கொஞ்ச நேரம் உங்களைக் காட்டுது, அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் திரும்பிடுதே. என்ன விஷயம்?"

மாடிக்கு மாடி சிரிப்பு. மனைவியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்தவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அடுத்த நாள் சனிக்கிழமை. கையை வீட்டுப் பக்கம் திருப்பினார். பிரேக்கை விடவில்லை. ஒரு நாள்தானே என்று இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சூறைக்காற்று வந்தது. திரும்ப முடியாத கை அத்தனை காற்றையும் விலாவில் வாங்கிக்கொண்டது. கம்பம் முறுக்கிக்கொண்டு சிமெண்ட் ஷெட்டின் மேல் சரிந்தது. விடுமுறை நாள் என்பதால் எந்த வீட்டிலும் எழவு விழவில்லை.

திங்கட்கிழமை இன்ஜினியர் கேட்டார்: "பிரேக்கை விட்டுட்டுத்தானே இறங்கின?"

"விட்டுட்டேன் சார்."

நாக்கு கூசவில்லை. கூச வேண்டியது அப்புறம் கூசியது. சனிக்கிழமை காலையில்தான் மெக்கானிக் அந்தப் பிரேக்கைக் கழற்றி எண்ணெய் போட்டிருந்தான். இன்ஜினியர் அவன் பக்கம் திரும்பினார். அவன் டவர்காரரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணன் விட்டேன்னா விட்டிருப்பார் சார். நான்தான் ஏதோ தப்பா மாட்டியிருக்கேன்."

அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

வீட்டில் மனைவி டீயைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

"சனிக்கிழமை நான் கண்ணால பார்த்தேன். இருட்டுற வரைக்கும் கை இம்மியும் ஆடலை. காத்து இருந்துச்சு."

அவர் தரையிலிருந்த டம்ளரை எடுத்தார்.

"அவ கேலி பண்ணினா நான் சிரிச்சேன், தீர்ந்துச்சு. உங்களுக்கு என்ன அவ்வளவு வீராப்பு? அந்தப் பையன் கைக்குழந்தைக்காரன். என்னால அந்த மாடிக்குப் போக முடியலைங்க."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போது "அண்ணன் விட்டேன்னா விட்டிருப்பார்" என்ற குரல் கேட்டது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாலாவது நாள் போய் இன்ஜினியர் மேஜை முன்னால் நின்றார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர்.

"நான் பொய் சொன்னேன் சார். பிரேக்கை விடலை."

"பதினோரு வருஷ சர்வீஸ்! ஏன்யா விடலை?"

இதைத்தான் அவர் பயந்தார். "கை... எங்க வீட்டுப் பக்கமே பார்த்து நிக்கணும்னு."

யாராவது சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அந்தத் தலை இன்னும் நிமிரவில்லை.

மெக்கானிக்கைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். டவர்காரருக்கு இனி எந்த டவரிலும் இடமில்லை. பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லி இந்தப் பட்டறை கிடைத்தது. கூரைக்கு அடியில் இரண்டு தண்டவாளம், நடுவே போகவர ஓடும் ஓவர்ஹெட் கிரேன், கீழே நின்று அழுத்த ஒரு பட்டன் பெட்டி. இரும்புத் தகட்டை இந்த முனையில் எடுத்து அந்த முனையில் வைக்க வேண்டும். காற்று உள்ளே வராது. வந்தாலும் அது எதையும் திருப்பாது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதே மெக்கானிக் வெளிவேலையாக இந்த கிரேனுக்கு எண்ணெய் போட வருகிறான். வேலை முடிந்ததும், "அண்ணே, டீ சாப்பிட வாங்க" என்பான். டவர்காரர் காது கேட்காதவர்போல் சுத்தமாக இருக்கும் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவன் தனியாகப் போய்க் குடித்துவிட்டு வருவான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். காற்றில்லை என்பார், ஆமாம், புழுக்கம்தான் என்று சொல்லுங்கள், உங்களுக்கு ஒன்றும் குறைந்துபோகாது. எந்த கிரேன் எதைத் தூக்கும் என்று கேளுங்கள். மடை திறந்த மாதிரி பேசுவார். முடிந்தால் மாதத்தின் முதல் திங்கட்கிழமையாகப் பார்த்துப் போங்கள். போனதும் மூன்று டீ சொல்லிவிடுங்கள்.