மாமியார் போன பிறகு வந்த தூக்கம்

குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, மாமியார் படுத்திருந்த ரப்பர் விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் இளைய மருமகள். இனி அதற்கு வேலையில்லை. கழுவி யாருக்காவது கொடுத்துவிடலாம். ஊரின் மறுகோடியிலிருந்து வந்திருந்த மூத்த மருமகள் தண்ணீர் ஊற்றினாள்.

மூத்தவள் கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். துறையை இழுத்து மூடியதும் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்தாள். வேலையை விடலாமா, முகம் கொடுத்துப் பேசாத பிள்ளையை என்ன செய்வது என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து யோசிப்பதுதான் தொழில். புத்திமதி கிடையாது, கேள்விதான். "தலைவலிக்குக் கீழே, வாழ்க்கைவலிக்கு மேலே" என்று கடைக்காரர் ஆள் அனுப்புவார். சொந்தக்காரர்களை மட்டும் அவள் சேர்ப்பதில்லை. அவர்களுக்குத் தீர்ப்பு வேண்டும், அதுவும் தங்கள் பக்கம்.

"அக்கா, என்னையும் உங்க ரூமுக்கு வந்தவளா நெனச்சுக்கோங்க."

"அங்க வர்றவங்க கையில சோப்பு நுரை இருக்காது. சரி, சொல்லு."

"அத்தை போன அன்னைக்கு நான் நல்லா தூங்கினேன். நாலு வருஷத்துல அப்படித் தூங்கினதில்ல. எழுந்தா மனசு லேசா இருக்கு. எல்லாரும் தங்கமான மருமகள்ங்கிறாங்க. அவங்க சாவுக்குக் காத்துக்கிட்டிருந்தவ நான். உங்க கொழுந்தன் மூஞ்சியைப் பாக்க முடியல. தையல் மிஷின்ல உக்காந்தா கை ஓடல."

மூத்தவள் குழாயை மூடினாள்.

"அத்தை சாகலன்னு வச்சுக்க. ஒருநாள் எழுந்து நடந்துட்டாங்க. குளிச்சுட்டு வந்து, நீ தைச்ச சட்டையில குறை சொல்றாங்க. அன்னைக்குத் தூங்கியிருப்பியா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கியிருப்பேன்."

"மனசு?"

"இதைவிட லேசா இருந்திருக்கும். குறை சொன்னா சொல்லட்டுமே."

"அப்போ எதுக்குடி காத்திருந்த?"

இளையவள் பிரஷ்ஷைப் பிடித்தபடி யோசித்தாள். "தூக்கி, புரட்டி, துடைச்சு... அது முடியணும்னு."

"முடிய ரெண்டு வழி இருந்துச்சு. எது பிடிச்சிருக்கும்னு நீயே சொல்லிட்ட."

இளையவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரிப்பு வந்தது.

"கழுத்து இறக்கம்னு சொல்லியிருப்பாங்கக்கா."

"கை நீளம்னும்."

இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து விரிப்பை உதறினார்கள். இளையவளுக்கு மூச்சு ஆழமாகப் போய் வந்தது. நாளைக்கு மிஷினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும், பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன என்றாள்.

"ஆமாக்கா, நீங்க மாசத்துக்கு ஒருதடவை ஆப்பிளோட வந்து பாத்துட்டுப் போவீங்களே. அத்தை போன அன்னைக்கு நீங்க எப்படித் தூங்கினீங்க?"

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மூத்தவள் இன்னொரு முனையையும் வாங்கிக்கொண்டாள். ஈர விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்து, முன்பக்கமெல்லாம் நனைய, உலர்த்துவதற்குப் பால்கனிக்குப் போனாள்.