பொத்தான் நகராத நாள்

தொண்ணூறுகளில் நான் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தேன். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். கோப்புகளை மலையாளத்தில் எழுதினோம், சண்டையைத் தமிழில் போட்டோம். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதல்வரே என்னிடம்தான் கேட்பார். அந்தத் தலைக்கனத்தில் நான் செய்த காரியம் இது.

இயற்பியல் ஆய்வகத்தில் தற்காலிகப் பணியில் ஒரு டீச்சர் இருந்தார். குன்னத்துகால்காரர், நாற்பதை நெருங்கியவர். வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் வயது தாண்டிவிட்டது. அந்த ஆண்டு நிபுணர் குழு வந்து அவர் செய்த கருவியைப் பார்க்கும். திருப்தியானால் பணி நிரந்தரம், இல்லையென்றால் அந்தப் பணியிடமே ரத்து.

கருவி என்பது ஒரு முழ நீள எஃகுப் பட்டை. இரண்டு முனையிலும் பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றிய அதிர்விகள். ஒரு முனைக்கு மின்சாரம் கொடுத்தால் பட்டை கண்ணுக்குத் தெரியாமல் அதிரும். மேலே வைத்த சட்டைப் பொத்தான் யாரும் தொடாமல் ஊர்ந்துபோகும், அதுவும் அந்த அதிர்வலை போகும் திசைக்கு எதிராக. முதல் தடவை அது ஓடியபோது நானும் போய் நின்றேன். பக்கத்தில் ஸ்டோர்கீப்பர், பொழியூர்க் கடற்கரைக்காரர்.

“எலே, நடயிலே! நிக்காத!” என்று பொத்தானை விரட்டினார். “நம்ம ஆபீஸ் பைலு இதுக்க பாதி ஸ்பீடு போவாது, சாரே.”

நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஸ்டாக் சரிபார்க்கப் பட்டியலோடு போனேன். மறுமுனை அதிர்விக்கு மின் இணைப்பே இல்லை. ஒரு கம்பிச்சுருளும் மின்தடையமும் மட்டும் தொங்கின.

“டீச்சரே, இது என்ன வேல செய்யுது?”

“வாற அலைய வாங்கிக்கிடும், சாரே.”

“வாங்கி?”

“திருப்பி விடாது. அதாக்கும் அதுக்க வேல. அது இல்லேண்ணா அலை முனையில முட்டித் திரும்பி வரும். போறதும் வாறதும் சேந்து பொத்தான நிப்பாட்டிரும்.”

“சும்ம இருக்கதுக்கு ஒரு கருவியா? கொள்ளாம், நல்லாருக்கு.”

‘மின் இணைப்பு இல்லை, பயன்பாட்டில் இல்லை, ஸ்டோருக்குத் திருப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று மாலையே கழற்றிக் கொண்டுபோனார்கள்.

குழு வருவதற்கு முந்தின நாள் டீச்சர் அதைத் திரும்பக் கேட்டு மனு கொண்டுவந்தார். திருப்பிய பொருளை மறுபடி கொடுக்க முதல்வர் கையெழுத்து வேண்டும். முதல்வர் விடுப்பில் இருந்தார்.

“எடுத்துட்டுப் போங்க டீச்சரே,” என்றார் ஸ்டோர்கீப்பர். “நாளைக்கு அவங்க போனதும் கொண்டு வச்சா போரும். ரெஜிஸ்டருக்குக் கண்ணு உண்டா?”

“ரெஜிஸ்டருக்கு இல்ல. எனக்கு உண்டு,” என்றேன்.

மறுநாள் குழுவினர் பட்டையைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் பொத்தானை வைத்து சுவிட்சைப் போட்டார். பொத்தான் வைத்த இடத்திலேயே கிடந்து நடுங்கியது. அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தார், பொத்தானைத் தள்ளி வைத்துப் பார்த்தார். அது போகவில்லை. மறுமுனைக் கருவியை எடுத்துவிட்டார்கள் என்று மலையாளத்தில் விளக்கினார். தலைவர் என்னைப் பார்த்தார். கோப்பு என் கையில் தயாராக இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, “சட்டப்படி சரியாணல்லோ” என்றார். பிறகு டீ குடிக்கப் போனார்கள்.

பணியிடம் ரத்தான உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. டீச்சர் அனுபவச் சான்றிதழ் கேட்டார். உட்கார வைத்து உடனே எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு வேகமாக நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

வாசித்துவிட்டு, “எனக்க கருவியப் பத்தி ஒரு வரி சேக்கலாமா, சாரே? எங்கயாவது தனியார் காலேஜில காட்டலாம்” என்றார்.

“அது ஓடினதக் குழு பாக்கல்ல. பாக்காதத நான் எழுதப்படாது, டீச்சரே.”

அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். ஸ்டோர்கீப்பர் வாசலில் நின்றிருந்தார்.

“அது ஓடினத நான் கண்டேன்,” என்றார். “சாரும் கண்டதுதானே?”

கண்டேன். கண்டதை எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.