மூன்றாம் ஊசி

கம்பி பற்றவைக்கும் ஈயம் உருகும்போது எழும் புகையில் சாம்பிராணி வாசனை லேசாக இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், எங்கள் சமையலறை மேசையில் ஒரு வாரம் அந்த வாசனைதான், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னலா, தினமும் பூசையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பூசை இல்லை, அம்மாவின் வேலை. மின்சில்லு சோதிக்கும் "பேக்டரி"யில் பன்னிரண்டு வருடம் மெஷின் ஓட்டிய அம்மாவுக்கு, அவர் "சிஃப்ட்"டில் பழுதான சில்லுகள் நல்லவை என்று கணினியில் பதிவாவதாக இரண்டு "வார்னிங் லெட்டர்" வந்துவிட்டன, மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "மெஷின் சரியாத்தான் சொல்லுது, கம்ப்யூட்டர்தான் தப்பா எழுதுது" என்று அம்மா சொன்னதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்த என் அக்கா நம்பினாள். மெஷினிலிருந்து கணினிக்குப் போகும் கம்பியில் ஒரு கிளை எடுத்து இன்னொரு கணினியில் செருகினால், மெஷின் சொல்வதை ஒட்டுக்கேட்கலாம், யார் தப்பு என்பது தெரிந்துவிடும். அந்தக் கேபிளைத்தான் வீட்டில் செய்தோம். அம்மா கெஞ்சியதில், அங்கிருந்த டெக்னீஷியன் ஒருவர் அதை ஒரே ஒரு சிஃப்ட் மாட்டிப் பார்க்கச் சம்மதித்திருந்தார்.

அக்காவுக்குக் கை நடுங்கும். எனக்குப் பதினான்கு வயது, நிதானமான கை, ஆகவே ஈயம் வைப்பது என் பொறுப்பு. கேபிள் முனையில் ஒன்பது ஊசிகள் கொண்ட செருகி. எந்த ஊசியில் எந்தக் கம்பி என்று அக்கா படம் வரைந்து கொடுத்து, "ரெண்டும் அஞ்சும் போதும், மூணாம் ஊசியில ஒண்ணும் வைக்காதே, நாம கேக்கத்தான் போறோம், பேசப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். மூன்றாம் ஊசி மொட்டையாக நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. "செய்யிற வேலைய அரைகுறையா விடாதே" என்று அம்மா பாத்திரம் கழுவுவதற்குக்கூடச் சொல்லும் வீடு அது. மிச்சமிருந்த பச்சைக் கம்பியால் அதை இரண்டாம் ஊசியோடு இணைத்து, செருகியின் மூடியைத் திருகிவிட்டேன். அக்கா மூடியைத் திறக்காமல் வெளிப்புறம் மட்டும் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் அதை மாட்டியதும், கேட்க மட்டுமே வேண்டிய கணினி நான் இணைத்த மூன்றாம் ஊசி வழியே அதே கம்பியில் குறுக்கே பேச, மெஷின் சொன்னது எதுவும் போய்ச் சேராமல் வேலை அரை நாள் நின்றது. மூன்றாவது கடிதம் அன்றே கையில். கேபிள் திரும்பி வரவேயில்லை. "நான்தான்மா படத்தத் தப்பா போட்டுட்டேன்" என்றாள் அக்கா. நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். அழுகையோ பயமோ வரவில்லை, ரசம் ஆறிப்போயிருந்தது மட்டும் தெரிந்தது. அடுத்த மாதம் அக்கா படிப்பை விட்டுவிட்டு வேறொரு பேக்டரியில் சேர்ந்தாள். அவள் சம்பளத்தில் நான் படித்தேன்.

இப்போது கணினிகளில் அந்த ஒன்பது ஊசிச் செருகி கிடையாது, அம்மாவின் பேக்டரி இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. போன தீபாவளிக்குத் தாசேக் கெலுகோரில், அக்கா வீட்டில், என் மகள் என்ன படிக்கலாம் என்று பேச்சு வந்தது. "உன்ன மாதிரியே இன்ஜினியருக்குப் படிக்கட்டும்லா," என்றார் அம்மா, "உன் அக்காவுக்குத்தான் அதெல்லாம் வரல, பாவம்."

"ஆமாம்மா, எனக்கு வரல" என்று அக்கா சிரித்தாள். முப்பது வருடமாக அவள் அதை நம்புகிறாள். முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.