பிளக்கைப் பிடுங்கிப் பார்த்த மெர்சி

உத்திரமேரூர்ப் பக்கம் மெயில் சர்வர் அமைத்துக் கொடுப்பவன் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்திலேயே தலைவலி மாத்திரையும் இருக்கும். இதே தொழிலில் அடிபடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேள்வி

மானாம்பதியில் தணிகாசலம் என்ற விவசாயி, தன் நிலத்தின் ஓரத்தில் ஷெட் போட்டு அட்டைப்பெட்டி செய்கிறார். பெட்டி வாங்கும் தொழிற்சாலை, 'இனி கம்பெனி பெயரிலுள்ள மெயிலுக்குத்தான் ஆர்டர் வரும்' என்று சொல்லிவிட்டதால் என்னை அழைத்தார். அலுவலகம் முழுக்க மெர்சியின் பொறுப்பு. பெட்டி ஒட்டும் வேலைக்கு வந்து, அங்கேயே கம்ப்யூட்டர் பழகியவர். மெயில் சர்வருக்கான இரண்டு சாஃப்ட்வேர்களின் பெருமைகளை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மெர்சி சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும் சார். கரண்ட் பூட்சின்னா, அப்ப வர்ற மெயிலு எங்க போவும்?"

சோதனை

அனுப்பியவரின் சர்வரே வைத்திருந்து திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும் என்றேன். மெர்சி நம்பவில்லை. இரண்டு சாஃப்ட்வேர்களையும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் போடச் சொன்னார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பிளக்கையும் பிடுங்கினார். தன் போனிலிருந்து இரண்டுக்கும் ஒவ்வொரு மெயில் அனுப்பினார். சாப்பிட்டுவிட்டு வந்து பிளக்கைச் செருகினார்.

நான் ஆசைப்பட்டுச் சிபாரிசு செய்த, திரை அழகான சாஃப்ட்வேர் எழவே இல்லை. சாதாரணமாகத் தெரிந்த மற்றது தானே எழுந்தது. சற்று நேரத்தில் மெயிலும் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த தணிகாசலம் முடிவு சொன்னார்:

"பளபளன்னு கீறவன் படுத்துக்கினான். எயுந்து வந்தவனையே வச்சிக்கலாம், மெர்சிம்மா."

என் தவறு

இரண்டாவது வாரம், விலை கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து மெயில் வந்தது. மெர்சி அன்றே பதில் போட்டார். மறுநாள் காலை, 'கெடச்சுதா' என்று போனிலும் விசாரித்தார். கிடைக்கவில்லை. மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அந்த ஒரு ஆர்டரை நம்பித்தான் ஷெட்டில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

மெர்சி போன் செய்ததும் பைக்கில் பறந்தேன். இந்த சர்வரிலிருந்து வருவது இந்தக் கம்பெனியின் மெயில்தான் என்று உலகத்துக்குச் சொல்லும் ஒரு பதிவை நான் போட மறந்திருந்தேன். அதனால் பதில் அவர்களுடைய ஸ்பாமில் விழுந்திருந்தது. மெர்சி அவர்களிடம் பேசி, ஸ்பாமிலிருந்தே அதை எடுக்க வைத்தார், ஆர்டர் தப்பியது. நான் விட்டதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது தணிகாசலம் உள்ளே வந்து, "யார் தப்பு?" என்றார். மெர்சி முந்திக்கொண்டார்:

"தப்பு இன்னான்னு தெரிஞ்சிபோச்சிண்ணே. சார் சரி பண்ணிக்கினு கீறாரு, டீ சொல்லுங்க."

நோட்டுப் புத்தகம்

கடைசி நாள், சர்வர் நின்றால் செய்ய வேண்டியதை எழுதித் தரப் பேனாவை எடுத்தேன். மெர்சி ஒரு நோட்டை நீட்டினார். நான் செய்ததையெல்லாம் பார்த்து, எந்த விளக்கு எரிய வேண்டும், எந்தப் பட்டனை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்று தமிழில் வரிசையாக எழுதியிருந்தார். ஒட்டும் பகுதியிலுள்ள இரண்டு பெண்களுக்குச் செய்தும் காட்டியிருந்தார். என் பதினோரு வருடத் தொழிலில் அவ்வளவு தெளிவான கையேட்டை நான் எழுதியதில்லை. அனுமதி கேட்டு, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன். எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டதற்குச் சிரித்தார்:

"நா லீவு போட்டா மெயிலும் லீவு போடக்கூடாதில்ல சார்?"

நம் தொழிலில் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு வாடிக்கையாளர் நம்மைத் திரும்பக் கூப்பிடாமல் இருப்பதுதான் என்றால், மானாம்பதியிலிருந்து அது எனக்குத் தினமும் வந்துகொண்டிருக்கிறது.