பனையிலிருந்து விழுந்தவர்

எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சியில் இருந்தேன். வாழைத்தண்டில் குத்திப் பழகிய பிறகு, முதன்முதலாக ஒரு மனிதருக்குத் தசையில் ஊசி போடும் பரீட்சை. கட்டிலில் குப்புறக் கிடந்தவர், தமிழ் பேசும் எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்.

"பனையில இருந்து விழுந்தவனாக்கும்" என்றார், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்.

துணியை விலக்கினேன். பிட்டம் முழுக்க நீள நீளமாகத் தடிப்புகள், ரத்தம் கட்டிக் கறுத்திருந்தன. அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, தொடையின் வெளிப்புறத்தில் மருந்தை ஏற்றினேன்.

"பிட்டத்துலதானே போடச் சொன்னேன்?" என்றார் பயிற்சி தரும் சிஸ்டர். வாயைத் திறக்காதே என்று அவர் கண் கெஞ்சியது. எனக்கா அடங்கும்?

"ரத்தங்கட்டின எடத்துல குத்தப்பிடாதுன்னு நீங்கதான படிப்பிச்சிய, சிஸ்டர். இது லத்தியால அடிச்ச அடியாக்கும்."

"பனையில இருந்து விழுந்தான்னு சொன்னேன் இல்லியா!" போலீஸ்காரர் அதட்டினார்.

"அப்பிடின்னா அந்தக் கம்ப இஞ்ச தாருங்க சாரே," என்று கையை நீட்டினேன். "தடிப்பு மேல வச்சு அளந்து பாப்போம்."

அவர் லத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.