கவ்விக்குள் ஒலிவக் கிளை

துறைமுக அலுவலகக் கோப்பில் தோங்கா ரெஷேத்தரைப் பற்றி ஒரு தாள் இருக்கிறது: "வயது 38. தொழில்: சமையல். அலையில்லாத நீரிலும் குமட்டல். எந்தக் கலத்திலும் எந்த வேலைக்கும் தகுதியற்றவர்." கப்பலில் சமையல்காரியாகச் சேர அவள் போட்ட மனுவுக்கு வந்த பதில் அது. அதன்பின் இருபத்திரண்டு வருடம் எங்கள் தீவுப் பள்ளியில் சமைத்தாள். நான் அங்கே இயற்பியல் வாத்தியார். நான் கரும்பலகையில் நெம்புகோல் வரைந்த நேரத்தில் அவள் மாவு பிசையும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

என் மனைவி மாரேயின் சிறுநீரகங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி எதிர்க்கரை மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பயணிக் கப்பலின் நேரம் அதற்குத் தோதில்லை. எங்கள் முப்பது வயது மோட்டார் படகுதான் கதி. மே மாதத் திங்கட்கிழமை ஒன்றில் அதன் ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. அரைச் சுற்றுச் சுற்றினால் படகு யோசித்தது. முழுச் சுற்றுக்கு வேண்டாவெறுப்பாகத் திரும்பியது. ஊரின் மற்ற படகெல்லாம் சாயம் பூசக் கரையேறிக் கவிழ்ந்து கிடந்தன.

பக்கத்து வீட்டு மீனவன் லோவ்ரே ஸ்டியரிங் சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, அதிலிருந்து போய்ப் பின்புற எஞ்சினைத் திருப்பும் உள்கம்பி தேய்ந்துவிட்டது என்றான். எதிர்க்கரை மெக்கானிக் தொலைபேசியிலேயே அதை ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். மாரே கரைக்கல்லில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீரைப்பையோடு அந்த வழியாக வந்த தோங்கா பையைக் கீழே வைத்தாள். படகின் பின்புறம் கரையை ஒட்டிக் கட்டியிருந்தது. அவள் படகில் கால் வைக்கவில்லை. கல்லில் மண்டியிட்டு எஞ்சின் பக்கம் கையை நீட்டினாள். அரையடி ஏறி இறங்கும் படகைப் பார்த்தே முகம் வெளுத்துவிட, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"லோவ்ரே, எஞ்சின அசையாமப் புடி. வாத்தியாரே, நீங்க சக்கரத்த மெதுவா ஆட்டுங்க."

ஆட்டினேன். அவளுடைய இரண்டு விரல்கள் கம்பியின் மேலுறையில் இருந்தன.

"கம்பி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்குறது நகரணும், உறை சும்மா இருக்கணும். இங்க உறையும் கூடவே ஓடுது. இதப் புடிச்சிருக்கிற கவ்வி எங்க?"

கவ்வி ஒலிவக் கிளைகளுக்குள் மறைந்திருந்தது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் கிளையை இங்கே படகில் செருகுவோம். கோயிலுக்குப் போகாத நானும் ஏழு வருடமாகக் கவ்வியின் மரையைக் கொஞ்சம் தளர்த்திப் புதுக்கிளை செருகிவந்தேன், பழையதை எடுத்ததில்லை. கிளைகள் பச்சையாக இருந்தவரை கவ்வி உறையை இறுகப் பிடித்தது, அவை காய்ந்து சுருங்கியதும் பிடி தளர்ந்துவிட்டது. லோவ்ரே அதைப் பார்த்திருந்தான். பார்த்தும் தாண்டிப் போயிருந்தான்.

"அதத் தொடாத," என்றான் இப்போது. "அதாலதான் இந்தப் படகு இத்தன வருஷம் ஓடுச்சு."

"இப்ப அதாலதான் ஓடல," என்றாள் தோங்கா. ஆனாலும் அவள் கை அங்கேயே நின்றது. மூவரும் மாரேயைப் பார்த்தோம்.

"எடு தோங்கா. பழசை அடுப்புல போடுறதுதான் முறை. இவரு தன் சோம்பேறித்தனத்துக்கு ஏழு வருஷமாப் பக்தின்னு பேர் வச்சிருக்காரு."

தோங்கா கிளைகளை உருவிக் கைக்குட்டையில் சுற்றி மாரேயிடம் கொடுத்தாள். லோவ்ரேயின் ஸ்பானரை வாங்கி மரையை முடுக்கினாள். சக்கரத்தைத் தொட்டேன், எஞ்சின் உடனே திரும்பியது. நான் நன்றி சொல்வதற்குள், குமட்டுகிறது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை ஒவ்வொரு முறை சக்கரத்தைத் திருப்பும்போதும் அந்த நன்றியைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தகுதியற்றவர் என்ற தாள் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. தோங்கா கண்ணை மூடிக்கொண்டு கோளாறைக் கண்டுபிடித்து, கவ்வியை இறுக்கினாள். மறுநாள் காலை மாரே அந்தப் படகிலேயே மருத்துவமனைக்குப் போனாள்.