நரிக்குக் குரல் கொடுத்த காலம்

பொம்மைப்படத்தில் மழை பெய்வதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மழைதான். பிடில் சத்தத்துக்கு ஏற்றபடி இலை இலையாகச் சொட்டும். ஒரு கோழி இறக்கையை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொள்ளும். அதை வரைந்த அமெரிக்காக்காரன்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. அந்த மழைக்குப் பக்கத்தில் நின்று அழுதானே ஒருவன், அவன்மேல்தான் இருக்கிறது.

யுத்தத்துக்கு முந்தைய வருடங்கள் அவை. ராசிபுரத்தில் சந்தைக்கு அருகே ஒரு டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தார்கள். பெரிய படத்துக்கு முன்னால், ஜனங்கள் மணலைக் குவித்து உட்கார்ந்து அடங்கும்வரை, ஒரு பொம்மைப்படம் ஓடும். அது இங்கிலீஷில் கத்தும். நம் ஜனங்களுக்கு விளங்காது என்று கொட்டகைக்காரர், அதாவது முதலாளி, நினைத்தார். அதனால் ஒலிபெருக்கியைத் தணித்துவிட்டு, திரைக்கு ஓரமாக ஓர் ஆள் நின்று, வாய் அகன்ற தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு திரையில் நடப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்.

அதற்கு முன்னால் நெய்ச் சந்தையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். என் தொண்டையைக் கேட்டுத்தான் முதலாளி கூப்பிட்டார். சந்தை வேலையை வேறொருவன் அன்றைக்கே பிடித்துக்கொண்டான், திரும்பிப் போக வழியில்லை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அப்பாவுக்குக் கண் முழுசாகப் போய்விட்டிருந்தது. சாயங்கால ஆட்டத்துக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து, திரைக்குப் பக்கத்துக் கம்பத்தடியில் தரையில் உட்காரவைப்பேன். அவர் பார்த்த படமெல்லாம் என் வாய் வழியாகப் பார்த்ததுதான்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் தகரப்பெட்டியில் இரண்டு கம்பெனிகளின் பொம்மைப்படங்கள் மாறி மாறி வந்தன. ஒரு கம்பெனி படபடவென்று கொட்டுச் சத்தத்தோடு தொடங்கும். நரி சேவலைத் துரத்தும், மலையிலிருந்து விழும், தட்டையாகும், எழுந்து மறுபடியும் துரத்தும். மற்றது பிடிலை இழுத்துக்கொண்டு தொடங்கும். பூ கண் விழிக்கும், அணில் முகம் கழுவும், கடைசியில் யாராவது யாரையாவது மன்னிப்பார்கள். முதல் வகைக்கு என் வாய் அளவெடுத்துச் செய்தது. இரண்டாவது வகையில் நான் பேசினால் அணிலை ஏலம் விடுவதுபோல இருக்கிறது என்று முதலாளிக்குக் குறை.

அந்தக் குறையைத் தீர்க்க எடப்பாடியிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்தார். நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்து சும்மா இருந்தான். நினைத்த மாத்திரத்தில் அவனுக்குக் குரல் தழுதழுக்கும். இனி கொட்டுக் கம்பெனி எனக்கு, பிடில் கம்பெனி அவனுக்கு என்று முதலாளி பாகம் பிரித்துவிட்டார். முதல் நாளிலேயே மழைப்படத்தில் கோழியாகப் பேசி, பெண்கள் பக்கம் முழுவதையும் மூக்கை உறிஞ்ச வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் கம்பெனிப் படம் அழகு இல்லையென்று நான் சொல்லமாட்டேன். வண்ணத்தில் வரும். மரத்துக்குப் பின்னால் மரம், அதற்குப் பின்னால் ஓடை என்று உள்ளே நடந்து போகலாம் போலிருக்கும். ஆனால் அங்கே யாருக்கும் பசி கிடையாது. எல்லா ஜீவனும் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாட வந்தவை. மழை பெய்து நாளான ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்த மழையைப் பார்த்து, ஒரு பெரியவர், "இப்படி நம்ம காட்டுல ஒருக்கா பேஞ்சா போதுங்களே" என்று பெருமூச்சு விட்டார். ஜனங்களை அப்படி ஏங்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் நரிக்குப் பசி இருந்தது. பசிக்காக ஓடி, விழுந்து, மறுநாளும் ஓடியது. அதைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எது நல்ல படம்? நான் கேட்டது இதுதான்.

அவனிடம் இதை ஒருமுறை வாய்விட்டே கேட்டேன். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

"உங்க நரி ஓடறப்போ பொறத்தால பாத்திருக்கீங்களா?" என்றான். "ஒரே வேலி, ஒரே பனைமரம், ஒரே கெணறு. அதுவே திரும்பத் திரும்ப வருதுங்க. இன்னொரு மரம் வரையறதுக்கு உங்க கம்பெனிக்கு மை இல்லீங்களா?"

"உசுருக்குப் பயந்து ஓடறவன் மரத்தையா பாத்துட்டு ஓடுவானுங்க?" என்றேன்.

"ஓடறவன் பாக்க மாட்டானுங்க. உக்காந்திருக்கறவன் பாப்பானில்லீங்களா?"

சொன்னதோடு விட்டானா? அடுத்த ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் மூச்சைப் பிடித்து நரியை ஓட்டும்போது, பனைமரம் வரும்போதெல்லாம் ஒண்ணு, ரெண்டு என்று உரக்க எண்ணினான். தரை டிக்கெட்டும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. என் சேவல் என்ன சொன்னது என்று ஒருவர் காதிலும் விழவில்லை. மறுநாள் அவன் மழைப்படம் ஓடியபோது நான் ஒரு பெரிய தாழங்குடையோடு உள்ளே போய், முதல் துளி விழுந்ததும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். கொட்டகை அதிர்ந்தது. அவன் கோழிக் குரல் பாதியில் உடைந்தது. வாழ்க்கையில் நான் அனுபவித்த நல்ல சாயங்காலங்களில் அதுவும் ஒன்று.

பிறகு அது எங்கள் இருவர் சண்டையாக இல்லை. சந்தை நெய்க்காரர்கள் எல்லாரும் கொட்டுக் கம்பெனி. எடப்பாடியிலிருந்து இங்கே வந்து தறி போட்டிருந்தவர்கள் பிடில் கம்பெனி. பங்காளிச் சண்டைபோல, கடல் தாண்டி எவனோ வரைந்த நரிக்கும் கோழிக்கும் இங்கே டீக்கடையில் சட்டையைப் பிடித்தார்கள். முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழமை ரெண்டு படமும் ஒண்ணாப் போடறேன். அவங்கவங்க படத்துக்கு அவங்கவங்க பேசுங்க. சனம் யாரக் கேக்குதோ அவரு இருக்கட்டும். ரெண்டு வாய்க்குச் சோறு போட என்னால ஆவாதுங்க."

அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மிளகும் பனங்கற்கண்டும் மென்றுகொண்டே திரிந்தேன். மனைவி மிளகை இடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவன் படம் முதலில். குழலை எடுத்து, "அம்மா மழை வருதே" என்று அவன் தொடங்கியதும் நெய்க்காரர்கள் விசிலடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சிலர் குடையே கொண்டுவந்திருந்தார்கள். அவன் நாடகத் தொண்டையைத் திறந்து பார்த்தான், தாக்குப்பிடிக்கவில்லை. குழலைத் தரையில் வைத்துவிட்டு, போய் அப்பா இருந்த கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். படம் பாட்டுக்கு ஓடியது. கூச்சல் தானாக ஓய்ந்தது. கோழி இறக்கையை விரித்த இடத்தில், யாரும் சொல்லாமலே, பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சியது.

அதை நான் பொருட்படுத்தவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று குழலை எடுத்தேன். கொட்டுச் சத்தம் எழுந்தது, நரி கிளம்பியது, நான் வாயைத் திறந்தேன். தறிக்காரர்கள் கால்களால் பெஞ்சை உதைத்துக்கொண்டு ஊளையிட்டார்கள். சந்தையையே அடக்கிய தொண்டை எனக்கு. கத்தினேன், மேலும் கத்தினேன், ஏதோ அறுந்த மாதிரி குரல் போய்விட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நானும் குழலைக் கீழே வைத்தேன்.

பேசாமல் அந்தப் படத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நரி மலை விளிம்பைத் தாண்டி ஓடி, காலடியில் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். தினமும் அந்த இடத்தில் நான் ஏதாவது கத்திக்கொண்டிருப்பேன். அன்று கொட்டகை மூச்சுவிடாமல் இருந்தது. நரி மெதுவாகக் கீழே பார்த்தது. பிறகு விழுந்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் பேசிய எந்த நாளிலும் கேட்டதில்லை. தறிக்காரன், நெய்க்காரன், பெஞ்சு, நாற்காலி எல்லாம் சிரித்தது. எனக்கு நரிமேலேயே ஆத்திரம் வந்தது.

டிக்கெட் வாசலில் நின்று முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து குழலை எடுத்தார்.

"படமே பேசிக்குதுங்க," என்றார். "நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க." குழலைக் கரண்டு எஞ்சின் ஓட்டுபவனிடம் கொடுத்து, "எண்ணெ ஊத்த ஆவும், வெச்சுக்கோ" என்றார்.

அப்பாவைக் கூட்டிப்போகக் கம்பத்தடிக்குத் திரும்பினேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில்லாத மனிதர், என் குரலும் இல்லாத படத்துக்கு எப்படிச் சிரித்தார்? நாடகக்காரன் அவர் காதருகே குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை உதறினான். எடப்பாடிக்காரர்களோடு வெளியே போனான்.

வீட்டுக்கு நடக்கும் வழியில் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேலை போனதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏஞ்சாமி," என்றார், "அந்த நரி ஓடறப்போ ஒரு பனைமரமும் ஒரு கெணறும் திரும்பத் திரும்ப வருமாமே. இத்தன நாளு அங்க மரம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. நீ சொன்னதே இல்லியே."